வீட்டில் கட்டிய லோடர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

தாராபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஓடும் 18 குதிரைத்திறன் மினி டிராக்டருக்கு நானும் மாமா பையனும் சேர்ந்து முன்பக்க லோடர் ஒன்று, அதாவது ஆயில் பிரஷரில் ஏறி இறங்கும் இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் ஒரு பக்கெட்டும், கட்டினோம். கட்டுத்தறிச் சாணியைக் குப்பைக்குழிக்குத் தள்ளுவது, குளத்து வண்டலைக் காட்டில் கொட்டுவது, விழுந்த தென்னை மட்டையை ஒதுக்குவது, இவ்வளவுதான் அதற்கு வேலை. கட்டி முடிக்க நாற்பது நாள் ஆனது. ஒழுங்காக ஓட வைக்க மேற்கொண்டு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான், கண்ணுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அதை வைத்து எழுதுகிறேன்.

கணக்குப் புரிய எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 8 சிசி கியர் பம்ப், அதாவது ஒரு சுற்றுக்கு 8 சிசி ஆயில் தள்ளுவது. டிராக்டரின் பின்னால் கருவிகளை ஓட்டச் சுற்றும் தண்டான பி.டி.ஓ.விலிருந்து செயின் போட்டு வேகத்தை மூன்று மடங்கு ஏற்றியிருக்கிறோம். பி.டி.ஓ. 540 சுற்று ஓடினால் பம்ப் 1620 சுற்று ஓடும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 லிட்டர் ஆயில் தரும். ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று திருப்ப, இரண்டு லீவர் வைத்த கன்ட்ரோல் வால்வு. பிரஷர் அளவுக்கு மேல் போனால் திறந்து ஆயிலை டேங்குக்கே விடும் ரிலீஃப் வால்வு அதற்குள்ளேயே இருக்கிறது. கையைத் தூக்க 50 மி.மீ. போர் (உள்விட்டம்), 30 மி.மீ. ராடு (வெளியே நீளும் தண்டு), 400 மி.மீ. ஸ்ட்ரோக் (நீளும் தூரம்) உள்ள இரண்டு சிலிண்டர்கள், பக்கெட்டைக் கவிழ்க்கச் சின்னதாக ஒன்று. 30 லிட்டர் டேங்க், 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் (நம்பர் கூடினால் ஆயில் கெட்டி).

ஸ்பேனர் எடுக்கும் முன்

முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். குறைந்திருப்பது வலுவா, வேகமா? வலு என்பது பிரஷர். வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது. இரண்டும் வேறு வேறு நோய். இதைப் பிரித்துப் பார்க்காமல் "பம்ப் போச்சுங்க" என்று முடிவுகட்டுவதால்தான் நல்ல பம்புகள் குப்பைக்குப் போகின்றன. நானும் ஒரு நல்ல பம்பைக் கழற்றிவிட்டுப் புதுசு வாங்கிப் போட்டேன். கோளாறு அப்படியே இருந்தது.

பிரித்துப் பார்க்க ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். 250 கிலோ வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய கேஜை பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் டீ எனும் மூன்று வாய் இணைப்பு ஒன்றைப் போட்டு மாட்டுங்கள். பட்டறையில் கிலோ என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதைத்தான். மொத்தச் செலவில் கேஜ் ஒரு சின்ன ஓரம். லோடர் கட்டும்போதே நிரந்தரமாக மாட்டிவிடச் சொல்வேன்.

வேகத்துக்குக் கடிகாரம் போதும். எங்கள் இரண்டு சிலிண்டரும் முழுக்க நீள 1.57 லிட்டர் ஆயில் வேண்டும். 12 லிட்டர் பம்ப் அதை 8 நொடியில் தரும். இறக்கும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் 1 லிட்டர் போதும், 5 நொடியில் இறங்கிவிட வேண்டும். உங்கள் அளவுக்கு இதே கணக்கைப் போட்டு அந்த எண்ணை டிராக்டர் மட்கார்டில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

அப்புறம் உயிர் சம்பந்தமான இரண்டு விஷயம். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லீவர்களை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டி உள்ளே நிற்கும் பிரஷரை விடுங்கள். கை மேலே இருக்கும்போது பார்த்தே ஆக வேண்டிய வேலை என்றால் சிலிண்டர் ராடுக்கு மேல் இரும்புச் சேனலைக் கவ்வ வைத்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். இரண்டாவது, ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருந்தால் விரலால் தடவித் தேடாதீர்கள். ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பிரஷரில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்ன முள் குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஆகிவிட்டால் வலி வரும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டத்தில் எதுவுமே அசையவில்லை

பம்ப் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கியர் பம்ப் ஒரு பக்கம் மட்டும் சுற்றப் பிறந்தது, உடம்பில் அம்புக்குறி இருக்கும். பி.டி.ஓ. டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் வலப்புறமாகச் சுற்றும். பம்பின் ஷாஃப்ட் டிராக்டரைப் பார்த்திருந்து, செயினில் ஓட்டினால், ஷாஃப்ட் பக்கமிருந்து பார்க்கும்போது அது இடப்புறமாகச் சுற்றும். அதாவது இடப்புறப் பம்ப் வாங்கியிருக்க வேண்டும். நடுவில் பல்சக்கரம் ஒன்று போட்டுத் திருப்பினால் கணக்கும் திரும்பிவிடும். தப்பாகச் சுற்றினால் ஆயில் இழுக்காது, ஷாஃப்ட் சீலையும் பிதுக்கித் தள்ளிவிடும். முதல் நிமிடத்திலேயே ஷாஃப்ட் பக்கம் ஆயில் பீச்சினால் உடனே நிறுத்துங்கள்.

சுற்றும் பக்கம் சரியாக இருந்தால், உள்ளே காற்றுதான் நிற்கிறது. பம்பின் இழுவாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி நிரப்பி, இன்ஜினை மெதுவாக ஓட விடுங்கள். டேங்க் பம்பை விட உயரத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே வராது.

காலி பக்கெட்டைத் தூக்குகிறது, பாரம் போட்டால் திணறுகிறது

இது வலுக் குறைவு. லீவரை இழுத்துப் பிடித்து, கை முழுக்க மேலே போய் முட்டிய பிறகும் விடாமல் ஒரு நொடி கேஜைப் பாருங்கள். ரிலீஃப் வால்வு எவ்வளவில் திறக்கிறது என்று அது சொல்லிவிடும். எங்களுக்கு 120 கிலோ. காதுக்கும் ஒரு சோதனை உண்டு. 12 லிட்டரை 120 கிலோவில் தள்ள ஏறத்தாழ 3 குதிரைத்திறன் வேண்டும், அதனால் ரிலீஃப் திறக்கும்போது சின்ன இன்ஜின் கட்டாயம் முனகும். முனகவே இல்லை என்றால் பிரஷர் ஏறவில்லை.

கேஜ் 40, 50 என்று நின்றுவிட்டால் முதலில் ரிலீஃப் வால்வைக் கழற்றுங்கள். எங்கள் கதை இதுதான். புதுப் பம்ப் போட்டும் 45 கிலோவுக்கு மேல் ஏறவில்லை. ஹோஸ் பிரஸ் செய்யப் போன இடத்தில் பட்டறைக்காரர் கேஜைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ஏனுங் தம்பி, ஜாயின்ட்ல டேப்பு சுத்துனீங்களா?" என்றார். சுற்றியிருந்தேன், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல ஒவ்வொரு நிப்பிளிலும். ரிலீஃப் வால்வைப் பிரித்தால் அதன் இருக்கையில் நகக்கண் அளவு வெள்ளை டேப்புத் துணுக்கு உட்கார்ந்திருந்தது. வால்வு முழுக்க மூட முடியாமல் பாதி ஆயில் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மரை கூம்பாகச் சரியாத நேர்மரை நிப்பிளுக்கு டேப்பு தேவையே இல்லை, ரப்பர் ஒட்டிய டௌட்டி வாஷர்தான் அங்கே அடைக்கிறது. இன்று வரைக்கும் என் டூல்ஸ் பெட்டியில் டேப்பு வைப்பதில்லை.

ரிலீஃப் சுத்தம், ஆனாலும் ஏறவில்லையா? கை சிலிண்டருக்குப் போகும் ஹோஸை வால்வு பக்கம் கழற்றிவிட்டு அந்த வாயைப் பிளக் போட்டு அடைத்து, லீவரைத் தள்ளிக் கேஜைப் பாருங்கள். இப்போது முழுப் பிரஷர் காட்டினால் பம்பும் வால்வும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஓட்டை சிலிண்டருக்குள். இப்போதும் காட்டாவிட்டால்தான் பம்பைச் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பம்பின் வெளிவாயை நேரடியாக அடைத்துச் சோதிக்கக் கூடாது. நடுவில் ரிலீஃப் இல்லாமல் போனால் பம்ப் உடைந்துவிடும்.

கேஜ் சரியாக 120 காட்டுகிறது, ஆனால் தரையிலிருந்து மட்டும் தூக்க மாட்டேன் என்கிறது, பாதி உயரத்துக்குப் போனால் சுலபமாகத் தூக்குகிறது என்றால் அது ஆயில் கோளாறே இல்லை. சிலிண்டரைப் பூட்டிய கோணம் தப்பு. 50 மி.மீ. சிலிண்டரின் பரப்பு 19.6 சதுர செ.மீ. 100 கிலோ பிரஷரில் ஒன்று 1960 கிலோ தள்ளும், இரண்டும் சேர்ந்து 3900 கிலோவைத் தாண்டும். கை சுழலும் மேல் முளையான பின்னிலிருந்து சிலிண்டர் தள்ளும் கோட்டுக்குச் செங்குத்தாக 15 செ.மீ. தூரமும், பக்கெட்டுக்கு 150 செ.மீ. தூரமும் இருந்தால் பக்கெட்டில் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு, சுமார் 390 கிலோ. அந்த 15 செ.மீ. தாழ்ந்த நிலையில் 10 ஆகக் குறைந்தால் 260தான். கை, பக்கெட் இவற்றின் எடையையும் அதிலேயே கழிக்க வேண்டும். இதற்கு ரிலீஃபைத் திருகி ஏற்றுவது வைத்தியம் ஆகாது. சிலிண்டரின் அடிப் பின்னைக் கழற்றி இடம் மாற்றுங்கள். காகிதத்தில் மூன்று நிலைகளை அளவாக வரைந்து பார்த்துவிட்டு வெல்டிங் வைத்தால் இந்த வேலையே மிச்சம்.

ரிலீஃபைத் திருகுவதாக இருந்தால் கேஜைப் பார்த்துக்கொண்டு கால் சுற்றுக் கால் சுற்றாக மட்டும். ஹோஸ், சிலிண்டர், வால்வு மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

வலு இருக்கிறது, ஆனால் ஆமை வேகம்

காலி பக்கெட்டுக்கும் பாரத்துக்கும் தனித்தனியே நேரம் பாருங்கள். காலியிலேயே 8 நொடிக்குப் பதிலாக 15 ஆகிறதென்றால் பம்பின் வேகம் போதவில்லை, அல்லது இழுப்பில் அடைப்பு. நிறையப் பேர் பம்பை நேராக பி.டி.ஓ.வில் செருகிவிடுகிறார்கள். 540 சுற்றில் 8 சிசி பம்ப் 4 லிட்டர் சொச்சம்தான் தரும், கை மேலே போக 20 நொடிக்கு மேல் ஆகும். பழுது எதுவும் இல்லை, கணக்கே அவ்வளவுதான். காலியில் 8 நொடி, பாரத்தில் 14 நொடி என்றால் பிரஷர் ஏற ஏற ஆயில் எங்கோ உள்ளுக்குள் நழுவுகிறது. மேலே சொன்ன பிளக் சோதனை இதற்கும் உதவும்.

பம்ப் கத்துகிறது, ஆயில் வெளுத்துப்போகிறது

சரளைக்கல்லை அரைப்பது போன்ற கத்தல் பம்புக்கு ஆயில் பற்றவில்லை என்பதற்கு அடையாளம். இழுக்கும் ஹோஸ் குறைந்தது ஓர் அங்குலம் இருக்கட்டும், குட்டையாக இருக்கட்டும், உள்ளே கம்பிச்சுருள் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் ஹோஸ் சூட்டில் இளகி, இழுப்பில் சப்பிப்போகும். வெளியே பார்த்தால் லேசான பள்ளம் மட்டும் தெரியும். டேங்குக்குள் இருக்கும் சல்லடையையும் கழற்றிப் பாருங்கள். டேங்கை நாமே வெல்டிங் வைத்திருந்தால் முதல் பத்து மணி நேர ஓட்டத்தில் அதில் வெல்டிங் கசடு நிச்சயம் நிற்கும்.

ஆயில் பால் போல மாறினால், அது காற்றா தண்ணீரா என்று தெரிய வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்திருந்தால் காற்று. அப்படியே இருந்தால் தண்ணீர். சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் கலந்த ஆயில் படபடவென்று வெடிக்கும். தண்ணீர் என்றால் ஆயில் முழுவதையும் மாற்றி, டேங்க் மூடியைச் சரிசெய்யுங்கள். காற்று என்றால் இழுப்புப் பக்கத்தில் எங்கோ கிளிப் தளர்ந்திருக்கிறது. அங்கே ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கசிவைத் தேடினால் அகப்படாது. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு ஜாயின்டின் மேலும் கொஞ்சம் ஆயில் ஊற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது கத்தல் அடங்குகிறதோ அதுதான் இடம். திரும்பி வரும் குழாய் டேங்கில் ஆயில் மட்டத்துக்கு மேலேயிருந்து கொட்டினாலும் நுரைக்கும். அதை மட்டத்துக்குக் கீழே இறக்கி, இழுவாய்க்கு எதிர் மூலையில் வையுங்கள்.

தூக்கி நிறுத்திய கை தானாக இறங்குகிறது

எல்லோரும் உடனே சிலிண்டர் சீலை மாற்றுவது இதற்குத்தான், பாதிக்குப் பாதி வீணாகவும் போகும். காரணத்தைச் சொல்கிறேன். இரண்டு வாயும் இறுக மூடியிருக்கும் சிலிண்டரில் பிஸ்டன் சீல் கிழிந்திருந்தாலும் கை சட்டென்று கீழே வந்துவிடாது. அடியிலிருந்து நழுவும் ஆயில் முழுவதற்கும் ராடு பக்கம் இடம் போதாது, ராடு அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் ஒரே பிரஷர் ஆகி, ராடின் பரப்பு மட்டும் பாரத்தைத் தாங்கும். எங்கள் அளவில் பிரஷர் ஏறத்தாழ 2.8 மடங்கு ஏறிவிடும். அந்தப் பிரஷரில் வால்வு வழியாகக் கசிந்துதான் கை இறங்குகிறது. ஆகவே இரண்டையும் பிரித்துச் சோதித்தே ஆக வேண்டும்.

இரண்டு சிலிண்டரின் அடிப்பக்க வாயிலும் அதிகப் பிரஷர் தாங்கும் பால் வால்வு ஒன்று மாட்டுங்கள். பாரத்துடன் கையைத் தூக்கி, இரண்டையும் மூடி, இன்ஜினை நிறுத்துங்கள். பிறகு லீவரைத் தூக்கும் நிலையில் பிடித்து வையுங்கள். இந்த நிலையில் ராடு பக்கம் டேங்குக்குத் திறந்திருக்கும். கை இறங்கினால் ஆயில் பிஸ்டனைத் தாண்டித்தான் போகிறது, சீல் கிட் வாங்கலாம். அப்படியே நின்றால் சிலிண்டர் நல்லது, வால்வுக்குள் நகர்ந்து ஆயிலைத் திருப்பும் உருளையான ஸ்பூலில் தேய்மானம். சோதனை முழுக்க ஆள் யாரும் கைக்குக் கீழே, பக்கத்தில் நிற்கக் கூடாது, லீவரைத் தள்ளி நின்று பிடிக்க வேண்டும்.

ஸ்பூல் வால்வு எதுவும் சொட்டுக்கூட விடாமல் மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து நிமிடத்தில் சில சென்டிமீட்டர் இறங்குவது இயல்பு. அதுகூட இறங்காமல் நிற்க வேண்டுமென்றால் சிலிண்டரிலேயே, ஆயிலை உள்ளே பூட்டி வைக்கும் லாக் வால்வு போட வேண்டும். சீல் வேலைக்கு எங்களுக்கு திருச்செங்கோடு வசதியாக அமைந்தது. போர்வெல் ரிக் தொழிலால் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பட்டறைகள் அங்கே உண்டு. பழைய சீலைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னோர் அறிகுறி உண்டு. பாதியில் நிற்கும் கையை மேலும் தூக்க லீவரைத் தள்ளினால், முதலில் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டு அப்புறம் ஏறுகிறது. இது கன்ட்ரோல் வால்வுக்குள் இருக்கும், ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வில் தூசி. பிரித்துக் கழுவினால் போதும்.

காலையில் நன்றாகத் தூக்குகிறது, மத்தியானம் தூக்குவதில்லை

சூட்டில் ஆயில் தண்ணீராய் இளகி, தேய்ந்த பம்பிலும் ஸ்பூலிலும் நழுவுகிறது. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் 46 நம்பர் ஆயிலை விட 68 நல்லது. ஆனால் ஏன் சூடாகிறது என்பதையும் பாருங்கள். லீவரை முட்டிய பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த 3 குதிரைத்திறனும் சூடாகத்தான் மாறும். டேங்க் சின்னது என்றாலும் இதே கதிதான். பம்ப் நிமிடத்துக்குத் தருவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆயில் டேங்கில் நிற்க வேண்டும். டேங்கின் மேல் கையை வைத்து ஐந்து நொடி பொறுக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆற விடுங்கள்.

கை விக்கி விக்கி ஏறுகிறது, பக்கெட் ஒரு பக்கம் சாய்கிறது

புதிதாக மாட்டியபோது விக்கினால் காற்று. முழுக்க ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஐந்தாறு தடவை ஓட்டினால் போய்விடும். ஒரே உயரத்தில் மட்டும் திரும்பத் திரும்ப விக்கினால் பின்கள் ஒரே கோட்டில் இல்லை. பக்கெட்டைக் கழற்றி, சிலிண்டர்களின் பின்னை எடுத்துவிட்டு, கையைச் செயின் பிளாக்கில் தூக்கிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது என்று கையிலேயே தெரியும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் ராடு வளையும், ராடு வெளியே வரும் வாய்மூடியான கிளாண்டில் ஒரு பக்கமாகவே கசியும்.

சாய்வதற்குக் காரணம் வேறு. ஒரே ஹோஸிலிருந்து பிரியும் ஆயில் எந்தச் சிலிண்டர் சுலபமாக நகருமோ அங்கே முதலில் போகும். இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டும் குறுக்குக் குழாய்தான் அவற்றை ஒன்றாக நடக்க வைக்கிறது. அது மெலிதாக இருந்தால் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் சாயும். நாங்கள் தடித்த குழாயாக மாற்றிய அன்றே நின்றுபோனது. அந்த வெல்டிங்கின்போது ராடுகளை ஈரச் சாக்கால் சுற்றுங்கள். பொறி ஒன்று குரோமில் ஒட்டினால் சீலை அது அறுத்துக்கொண்டே இருக்கும். எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், சிலிண்டர் வழியாகக் கரண்ட் போகக் கூடாது.

ஷாஃப்ட் சீல் மாற்ற மாற்றக் கசிகிறது

செயினோ பெல்ட்டோ பம்ப் ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது. சாதாரண கியர் பம்ப் அதைத் தாங்காது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத் தனி ஷாஃப்டில், பேரிங் வைத்த இரண்டு பிளம்மர் பிளாக்கில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு ஷாஃப்டையும் நேராக இணைக்கும் கப்ளிங் மூலம் பம்பை ஓட்டுங்கள்.

ஸ்டியரிங் கல்லாய் இறுகுகிறது, பின்சக்கரம் எழும்புகிறது

150 லிட்டர் பக்கெட்டில் சாணி எரு சுமார் 130, 150 கிலோ வரும். அதே பக்கெட்டில் ஈர மணல் 300 கிலோவை நெருங்கும். கூடவே லோடரின் எடையும் சேர்ந்து முன் அச்சில்தான் உட்காருகிறது. மினி டிராக்டரின் முன் அச்சு இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின்னால் எதிர் எடை கட்டாயம். நாங்கள் மும்முனை இணைப்பில் கான்கிரீட் நிரப்பிய பேரல் ஒன்றை மாட்டுகிறோம், பி.டி.ஓ. செயினில் இடிக்காத தூரத்தில். பின்டயரில் தண்ணீரும் நிரப்பியிருக்கிறோம். பாரத்தோடு போகும்போது பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்குவதில்லை. வாய்க்கால் வரப்பைக் குறுக்கே ஏறுவதும் இல்லை. மாதம் ஒரு தடவை முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறோம். கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கையும், ஸ்டியரிங்கில் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னையும் பார்த்து முடிக்கும்வரை லோடரை மாட்டுவதில்லை.